பின்னோக்கிச் செல்லும் மோட்டார் வண்டி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் பேச வருகின்றவர் சங்க இலக்கியத்தைப் பற்றிப் பேசுவார்; இசையைப் பற்றிப் பேசுவார்; அறநெறியைப் பற்றிப் பேசுவார். அதுவே நம் வழக்கம். இம்முறை செயற்குழுவினர், “உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் கைப்பழக்கமாக அறிந்த ஒன்றைப் பற்றிச் சொல்லலாமே” என்று கருதினர். என் கைக்குப் பழக்கமானது சிறிய மோட்டார் வண்டிகளைச் செய்வது. மேசைமீது உள்ள இந்த வண்டியின் நீளம் ஒரு சாண்கூட இல்லை. இதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணலாம். பேசி முடிக்கும்போது அந்த எண்ணம் சற்றேனும் மாறியிருக்குமாயின் நான் மகிழ்வேன்.

கடைகளில் ‘கிட்’ என்ற பெயரில் ஓர் அட்டைப் பெட்டி விற்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்கள், கிளையில் காய் தொங்குவது போல, ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, அரத்தால் தேய்த்து, பசையிட்டுச் சேர்த்து, வண்ணம் பூசினால் ஒரு வண்டி உருவாகும். பெட்டியில் எந்த ஆண்டு வண்டி என்று அச்சிட்டிருக்கிறதோ அந்த வண்டியே கிடைக்கும். அப்படிச் செய்வது முதற்படி. அதற்கு அடுத்த படி ஒன்று உண்டு. பெட்டியில் இருப்பது ஓர் ஆண்டு வண்டியாயிருக்க, அதைத் திருத்தி, அதற்கும் முந்திய ஆண்டு வண்டியாக ஆக்குவதே அது. இன்று நான் சொல்லப்போவது இந்தப் பின்னோக்கிய பயணத்தைப் பற்றித்தான்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் செய்த ‘மாடல் டி’ என்னும் வண்டி அது. டெட்ராய்ட் நகரத்துப் பிக்கெட் அவென்யூ ஆலையில் 1908ஆம் ஆண்டில் பிறந்தது. 1927ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட 19 ஆண்டுகளில் 1 கோடியே 50 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. உக்ரைன் நாட்டுக் கீவ் நகரத்து ஐ.சி.எம். நிறுவனம் இவ்வண்டியின் 1913ஆம் ஆண்டு ‘ரோட்ஸ்டர்’ வகையை 24இல் ஒரு பங்கு அளவில் கிட்டாக வெளியிட்டுள்ளது. அந்த 1913ஆம் ஆண்டு வண்டியை 1910ஆம் ஆண்டு ‘ரன்அபவுட்’ வண்டியாக மாற்றுவதே நம் வேலை. மூன்றே ஆண்டு இடைவெளி. அதில் பெரிதாக என்ன மாறியிருக்கும் என்று கேட்கத் தோன்றும். அந்த மூன்று ஆண்டுகளில்தான் உலகத்தின் தொழில்முறையே மாறியது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

எலும்பு ஒன்று, உடை வேறு

இந்த வேலை எப்படிக் கைகூடுகிறது என்பதை முதலில் காண்போம். மாடல் டி வண்டியின் அடிச்சட்டம் 19 ஆண்டுகளிலும் அடிப்படையில் மாறவே இல்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 100 அங்குலம். முன்னே ஒரு வில், பின்னே ஒரு வில், இரண்டும் வண்டியின் குறுக்கே அமைந்தவை. நான்கு சிலிண்டர், 20 குதிரைத் திறன் கொண்ட எஞ்சின். மரக் கம்பிகள் பன்னிரண்டு கொண்ட சக்கரங்கள். இவையெல்லாம் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பொது. ஆகவே கிட்டில் உள்ள அடிச்சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மனிதனின் எலும்புக்கூடு ஒன்றாயிருக்க, வேட்டி போய்க் காற்சட்டை வந்தது போல, மேலே உள்ள உடலும் அணிகலனும் மாறியிருக்கின்றன.

24இல் ஒரு பங்கு என்னும் அளவு நமக்கு வசதியானது. உண்மை வண்டியின் ஓர் அடி, இங்கே அரை அங்குலம். 100 அங்குலம் என்பது ஏறத்தாழ 106 மில்லிமீட்டர். 30 அங்குலச் சக்கரம் 32 மில்லிமீட்டருக்குச் சற்றே குறையும். நல்ல அளவுகோல் ஒன்றும், கணக்குப் போடும் பொறுமையும் இருந்தால் போதும். பள்ளிப் பிள்ளைகள் வகுத்தற் கணக்கை இதைவிட இன்பமாகக் கற்க வழியில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். உண்மை வண்டியின் மட்கார்டுத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் என்று கொண்டால், நம் அளவில் அது ஒரு மில்லிமீட்டரில் 24இல் ஒரு பங்கு. அத்தனை மெல்லிய பிளாஸ்டிக்கை யாராலும் வார்க்க முடியாது. ஆகவே மட்கார்டின் ஓரத்தை மட்டும் அடிப்புறமிருந்து உப்புத்தாளால் தேய்த்துக் கூராக்குகிறோம். கண் ஓரத்தைத்தான் பார்க்கிறது. ஓரம் மெலிந்திருந்தால் முழுவதும் மெலிந்ததாகவே நம்பிவிடுகிறது.

கழிக்க வேண்டியவை

இனி ரம்பத்தைக் கையில் எடுப்போம். முதலில் கழிக்க வேண்டியது, இருக்கைக்கு முன்னே உள்ள பக்கச் சுவர்களும் கதவும். 1913ஆம் ஆண்டு வண்டியில் பக்கத் தகடு எஞ்சின் மூடி வரை நீண்டு வந்து, ஓட்டுபவரின் கால்களை மறைத்தது. அமெரிக்காவில் செய்த வண்டிகளில் இடப்புறம், அதாவது ஓட்டுபவர் பக்கம், திறக்கும் கதவே கிடையாது. கதவு போன்ற கோடு மட்டுமே தகட்டில் பதிந்திருக்கும். 1910ஆம் ஆண்டு வண்டியில் இச்சுவர்களே இல்லை. நம்மூர் ஜட்கா வண்டியின் முன்புறம் போல் அது திறந்து கிடந்தது. ஓட்டுபவரின் கால், மிதிகட்டைகள் மூன்று, கைப்பிரேக், ஸ்டியரிங் தண்டு, எல்லாம் வீதியில் போகிறவர் கண்ணுக்குத் தெரியும்.

இங்கேதான் வேலை பெருகுகிறது. சுவரை எடுத்துவிட்டால், அது மறைத்திருந்த அனைத்தையும் நாம் ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும். தரைப்பலகையின் ஓரம், இருக்கைக்கு அடியிலுள்ள பெட்ரோல் தொட்டியை மூடிய பெட்டி, மிதிகட்டைகளின் வடிவம் ஆகியவை எல்லாம் வெளியே வந்துவிடும். மிதிகட்டைகளைப் பற்றி ஒரு சொல். இடது கட்டை வேகத்தை மாற்றுவதற்கு. நடுக்கட்டை பின்னால் செல்வதற்கு. வலது கட்டை பிரேக். பெட்ரோல் கொடுப்பதற்குக் காலுக்கு வேலையில்லை. ஸ்டியரிங் வளையத்தின் கீழே வலப்புறம் ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. முதன்முதலில் வெளிவந்த சில நூறு வண்டிகளில் மட்டும் மிதிகட்டை இரண்டு, கை நெம்புகோல் இரண்டு என்று இருந்தன. பழமையை விரும்பும் ஆர்வத்தில் அதை 1910ஆம் ஆண்டு வண்டியில் வைத்துவிடக் கூடாது. பழையது எல்லாம் ஒரே காலத்துப் பழையது ஆகாது; பழமைக்குள்ளும் ஆண்டு உண்டு.

அடுத்துக் கழிக்க வேண்டியது, பின்னால் உள்ள ஆமை முதுகு போன்ற பெட்டி. அதை அடியோடு நீக்கி, அரை மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக் அட்டையில் ஒரு தட்டையான மேடையை வெட்டி ஒட்டுகிறோம். அந்த மேடையின்மீது ஒரே ஓர் ஆள் உட்காரும் சிறு இருக்கை ஒன்று வரும். முன்னால் இருவர் வசதியாக அமர்ந்து பேசிக்கொண்டு போக, மூன்றாமவர் பின்னால் தனியே, கூரையுமின்றித் துணையுமின்றி, புழுதியை எல்லாம் வாங்கிக்கொண்டு வருவார். அமெரிக்கர்கள் இதற்கு வேடிக்கையாக இட்ட பெயர், ‘மாமியார் இருக்கை’. (சிரிப்பு.) இங்கு வந்திருக்கும் மாமியார்கள் என்னை மன்னிக்க வேண்டும், பெயர் நான் வைத்ததன்று. கடல் கடந்தாலும் சில உறவுகளின் இயல்பு மாறுவதில்லை என்பது மட்டும் தெரிகிறது. அந்த இருக்கைக்கு 16 அங்குல அகலம் என்று கொண்டால், நம் அளவில் 17 மில்லிமீட்டர். தோல் மெத்தையின் குழிகளையும் மேடுகளையும், இரண்டு பகுதி கலந்து இறுகும் எபாக்ஸி பட்டியைப் பரப்பி, அது இறுகுமுன் கத்தியின் முதுகால் குறுக்கும் நெடுக்குமாக அழுத்தி உண்டாக்கலாம். நம் வீட்டுப் பெண்கள் சோமாசின் ஓரத்தை மடிக்கும் கைத்திறன் இதற்கு நன்றாகப் பயன்படும்.

சேர்க்க வேண்டியவை

எஞ்சினுக்கு வருவோம். 1913ஆம் ஆண்டு எஞ்சினின் வலப்புறத்தில் வால்வுகளை மறைக்கும் இரண்டு தகட்டு மூடிகள் உண்டு. 1910இல் அவை இல்லை. வால்வுத் தண்டுகள் எட்டும், அவற்றின் சுருள்வில்களும் திறந்தபடியே புழுதியில் ஆடிக்கொண்டிருந்தன. கிட்டில் வார்த்த மூடிகளைக் கவனமாகச் செதுக்கி எடுத்து, உட்புறத்தைக் குடைந்து, எட்டுத் தண்டுகளை நிறுத்த வேண்டும். உண்மைத் தண்டின் குறுக்களவு ஒரு அங்குலத்தில் 16இல் 5 பங்கு; நம் அளவில் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பழுதான பழைய வானொலிப் பெட்டியின் சுருளிலிருந்து உருவிய செம்புக் கம்பியே இதற்குப் போதும்.

எஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவர் மரப்பலகை. அதன் உட்புறத்தில் தீப்பொறியை உண்டாக்கும் நான்கு சுருள்கள் அடங்கிய ஒரு பெட்டி. அக்காலத்தில் அப்பெட்டியும் மரத்தால் ஆனது. பிளாஸ்டிக்கை மரமாகக் காட்டுவது ஒரு தனிக் கலை. முதலில் வெளிறிய சந்தன நிறம். அது காய்ந்தபின், உலர்ந்த தூரிகையால் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை ஒரே திசையில் மெல்லிய இழைகளாக இழுக்க வேண்டும். அதன்மேல் தேன் நிற வார்னிஷ் ஒரு பூச்சு. மரத்தின் ரேகை நேராக ஓடாது என்பதை நினைவில் கொண்டால் போதும்.

விளக்குகள் இவ்வண்டியின் அழகு. 1910இல் மின்சார விளக்கு இல்லை. மாடல் டி வண்டிக்கு அது 1915ஆம் ஆண்டு வகையோடுதான் வந்தது. முன்விளக்குகள் இரண்டும் அசிட்டிலீன் வாயுவால் எரிந்தன. கால் வைத்து ஏறும் பலகையின்மீது பித்தளைக் கலம் ஒன்று இருக்கும். அதனுள் கார்பைடு கல். அதன்மேல் நீர் சொட்டுச் சொட்டாக விழும். எழுகின்ற வாயு குழாய் வழியே விளக்குக்குச் செல்லும். மாங்காயை அவசரமாகப் பழுக்க வைக்கச் சில வியாபாரிகள் கள்ளத்தனமாக வைக்கும் அதே கல்தான். பக்க விளக்குகளும் பின்விளக்கும் மண்ணெண்ணெய் விளக்குகள். 1913ஆம் ஆண்டு விளக்குகளில் உடல் கறுப்பாகவும் விளிம்பும் தலையும் மட்டும் பித்தளையாகவும் இருக்கும். 1910இல் முழுவதும் பித்தளை. ஆகவே கிட்டில் உள்ள விளக்குகளை முழுமையாகப் பொன்னிறமாக்க வேண்டும். புட்டியில் வரும் பித்தளை வண்ணம் மணல் தூவியது போல் சொரசொரப்பாக இருக்கும். முதலில் வழவழப்பான கறுப்பு வண்ணம் பூசி, நன்கு காய்ந்தபின் அதன்மேல் மெல்லியதாகத் தெளித்தால், புளி போட்டுத் துலக்கிய குத்துவிளக்கின் மினுமினுப்பு வந்துவிடும். ரேடியேட்டரின் சட்டமும் பித்தளைதான்; அது 1916 வரையில் நீடித்தது.

எஞ்சின் மூடியின் பக்கங்களில் காற்றுப் போகக் கீற்றுகள் வெட்டும் வழக்கம் 1915ஆம் ஆண்டு வகையில்தான் வந்தது. வேறு கிட்டிலிருந்து மூடியை எடுத்து வைக்கும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டயர்களும் அப்படியே. ரப்பரில் கரித்தூள் கலக்கும் முறை பரவுவதற்கு முன் டயர்கள் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோதான் இருந்தன. கறுப்பு டயரை மாட்டினால் வண்டியின் வயது ஒரே கணத்தில் குறைந்துவிடும்.

கறுப்பில்லாத கறுப்பு வண்டி

இனி வண்ணம். மாடல் டி என்றாலே கறுப்பு என்று உலகம் நம்புகிறது. கறுப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது என்ற பேச்சு பழமொழி போல் ஆகிவிட்டது. உண்மையில் அது 1914 முதல் 1925 வரை உள்ள காலத்துக்கே பொருந்தும். தொடக்க ஆண்டுகளில் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நிறங்களில் வண்டிகள் வந்தன. 1910ஆம் ஆண்டு வண்டிக்கு உரியது ஆழ்ந்த கரும்பச்சை. இந்தச் சிறு வண்டியைக் கண்ட என் பேரன், “தாத்தா, இது கறுப்பாக அல்லவா இருக்க வேண்டும்?” என்று கேட்டான். எல்லாரும் அறிந்தது என்பதாலேயே ஒன்று எல்லாக் காலத்துக்கும் உண்மையாகிவிடாது என்பதை அவனுக்குச் சொல்ல, இந்தப் பச்சை நிறம் எனக்கு உதவியது.

இங்கே ஒரு கேள்வி எழும். பச்சையா கறுப்பா, மூடி உண்டா இல்லையா என்பதை எங்கிருந்து அறிகிறோம்? இன்று அருங்காட்சியகங்களிலும் ஊர்வலங்களிலும் காணப்படும் பழைய வண்டிகளைப் பார்த்தால் போதாதா? போதாது. 100 ஆண்டு ஓடிய வண்டியில் எஞ்சின் ஓர் ஆண்டினதாகவும் உடல் வேறோர் ஆண்டினதாகவும் இருக்கலாம். பித்தளை விளக்கு அழகாயிருக்கிறது என்று பிற்கால வண்டியில் அதைப் பொருத்தியவர்களும் உண்டு. ஆகவே அக்காலத்திலேயே எடுத்த புகைப்படம், அக்காலத்து விலைப்பட்டியல், நிறுவனம் அச்சிட்ட பாகப் பட்டியல் இவற்றையே முதற்சான்றாகக் கொள்ள வேண்டும். ஏட்டுச்சுவடி ஆராய்ந்த நம் பெரியவர்கள் ஒரே நூலின் பல பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தார்கள் அல்லவா? மாதிரி செய்பவனும் அதைத்தான் செய்ய வேண்டும். சான்று உள்ள இடத்தில் செய்க. சான்று இல்லாத இடத்தில் அலங்காரம் சேர்க்காமல் எளிமையாக விடுக. பார்ப்பவர் யாரும் கண்டுபிடிக்க மாட்டார் என்பது ஒரு சமாதானமாகாது. இந்த வண்டியைப் பார்த்து ஒரு குழந்தை ‘1910இல் இப்படித்தான் இருந்தது’ என்று மனத்தில் பதித்துக்கொள்ளும். அதற்கு நாம் பொறுப்பாளி.

மூன்று ஆண்டுகளில் நடந்தது என்ன?

பின்னோக்கிச் செல்லும்போது நாம் எவற்றை மாற்றினோம் என்று எண்ணிப் பாருங்கள். மரச்சுருள் பெட்டி வந்தது. முழுப் பித்தளை விளக்கு வந்தது. மரப்பலகை உடல் வந்தது. பல நிறம் வந்தது. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கைவினைஞன் நின்றான்: தச்சன், கன்னான், தோல் தைப்பவன், வண்ணம் பூசுபவன். முன்னோக்கி வரும்போது இவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைகிறார்கள். உடல் 1911 முதல் எஃகுத் தகட்டுக்கு மாறியது; பித்தளை குறைந்தது; நிறம் ஒன்றாயிற்று. 1910ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19,000 மாடல் டி வண்டிகள் செய்யப்பட்டன. 1913இல் ஏறத்தாழ 1,70,000. இத்தனை பெருக்கத்துக்குக் கைவேலை ஈடுகொடுக்க இயலாது.

1913 அக்டோபரில் ஹைலண்ட் பார்க் ஆலையில் அடிச்சட்டத்தை நகர்த்திக்கொண்டே பாகம் பூட்டும் முறையைத் தொடங்கினர். ஓர் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. 1914இல் அது 93 நிமிடமாகக் குறைந்தது. விலையும் இறங்கியது. 1908இல் 825 டாலருக்கு விற்ற இரண்டு பேர் வண்டி, 1925இல் 260 டாலருக்கு வந்தது. குடியானவனும் தொழிலாளியும் கார் வாங்கினார்கள். இது சிறிய நன்மையன்று.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. ஒரே ஆணியை நாள் முழுதும் முடுக்கும் வேலையைத் தாங்காமல் ஆட்கள் ஆலையை விட்டு ஓடினார்கள். 1913ஆம் ஆண்டில் சுமார் 14,000 பேரை நிலையாக வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது என்று வரலாற்றாசிரியர் எழுதுகிறார்கள். 1914 ஜனவரி 5ஆம் நாள் ஃபோர்டு அறிவித்த ‘நாளொன்றுக்கு 5 டாலர்’ என்னும் புகழ்பெற்ற ஊதியம், பெருந்தன்மையால் மட்டும் எழுந்ததன்று. ஓடுகின்றவர்களை நிறுத்துவதற்காகவும் எழுந்தது. அந்த ஊதியத்தைப் பெறத் தகுதியுண்டா என்று தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்தார்கள்.

நம் காலனியில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் ஆலைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, அதன் ஓசைக்கு உறங்குபவை. ஆகவே இக்கதை நமக்கு அயலார் கதையன்று. இந்தச் சிறு வண்டியில் மூன்று ஆண்டுகளைப் பின்னோக்கி நகர்த்தும்போது, எந்த வசதிக்காக எந்தத் திறமையை உலகம் கொடுத்தது என்னும் கணக்கு விரல்நுனியில் தெரிகிறது. வரவையும் செலவையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நேர்மையான கணக்கு. புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது எண்களாக இருந்தது. எட்டு வால்வுத் தண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தியபோதுதான், அதைத் தினமும் செய்தவன் ஒரு மனிதன் என்று உறைத்தது.

நம் நாட்டில் ஓடிய வண்டி

“அமெரிக்க வண்டியை ஏன் செய்கிறீர்கள்? நம் நாட்டுச் சாலையில் ஓடியதைச் செய்யலாமே” என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. இதற்கும் வழியுண்டு. டெட்ராய்ட் நகருக்கு எதிர்க்கரையில், கனடாவின் வாக்கர்வில் என்னும் ஊரில், 1904இல் தொடங்கிய ஃபோர்டு நிறுவனம் ஒன்று இருந்தது. பிரிட்டன் நீங்கலாக, அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த நாடுகளுக்கு வண்டி அனுப்பும் உரிமை அதனுடையது. இந்தியாவும் அதில் அடக்கம். 1926இல் அந்தக் கனடா நிறுவனத்தின் கிளையாகவே ஃபோர்டு இந்தியா அமைந்தது. நாம் சாலையின் இடப்புறம் செல்கின்றவர்கள். ஆகவே ஸ்டியரிங் வலப்புறம் இருக்க வேண்டும். ஒரே உடலை இருவகைக்கும் பயன்படுத்த, கனடா வண்டிகளில் முன்பக்கம் இரு புறமும் உண்மையாகத் திறக்கும் கதவுகள் அமைந்தன.

அதாவது, இந்தியாவில் ஓடிய 1913ஆம் ஆண்டு வகையைக் காட்ட விரும்புகிறவர், கிட்டில் கோடாக மட்டும் உள்ள இடப்புறக் கதவை உண்மைக் கதவாக்கிக் கீல் வைக்க வேண்டும். ஸ்டியரிங் தண்டை வலப்புறம் மாற்ற வேண்டும். நம் இளைஞர்களுள் யாரேனும் இதைச் செய்து அடுத்த ஆண்டு விழாவில் இதே மேசைமீது வைத்தால், நான் மகிழ்ச்சியோடு முன் வரிசையில் அமர்ந்து கேட்பேன். உண்மை வண்டிகளைக் காண விரும்புவோர்க்கும் வாய்ப்புகள் உண்டு. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964இல் தொடங்கிய பழங்கார் ஊர்வலம் புகழ் பெற்றது. குருகிராமை அடுத்த தாவடு என்னும் ஊரில் 2013இல் திறந்த போக்குவரத்து அருங்காட்சியகம் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பெயரோடு விளங்கும் கார்க் கூடத்தையும் குழந்தைகளுக்குக் காட்டலாம். வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, மீண்டும் பூட்டித் தொழில் கற்றவர் அவர். பிரிப்பதும் பூட்டுவதும்தான் கல்வியின் தொடக்கம் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று நமக்கு வேண்டியதில்லை.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

இதைத் தொடங்க விரும்புவோர் செலவுக்கு அஞ்ச வேண்டாம். சிறு ரம்பம் ஒன்று, மெல்லிய அரங்கள் இரண்டு மூன்று, நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், கூரிய கத்தி, கையால் சுழற்றும் சிறு துளைக்கருவி, இவை போதும். கத்தியைப் பிடிக்கும்போது வெட்டும் திசையில் விரல் இருக்கலாகாது. பசையையும் தெளிக்கும் வண்ணத்தையும் சன்னல் திறந்த அறையில்தான் பயன்படுத்த வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் அமர்வது நலம். அந்த ஒரு மணி நேரம் இருவருக்கும் நல்லது.

வேலை முறையில் மூன்று விதிகள். முதலாவது, ரம்பம் வைக்கும் முன் ஆண்டைத் தீர்மானியுங்கள். ‘ஏதோ பழைய வண்டி’ என்று ஒன்று உலகத்தில் ஓடியதில்லை. ஒரு குறிப்பிட்ட ஆண்டின் வண்டிதான் ஓடியது. இரண்டாவது, பசையிடும் முன் பாகங்களைச் சும்மா சேர்த்துப் பாருங்கள். புதிய மேடை சட்டத்தின்மீது சரியாக உட்காராவிடில், அதன்மேல் வரும் இருக்கையும் கோணலாகும். மூன்றாவது, வெட்டியெடுத்த பாகத்தை எறிந்துவிடாதீர்கள். இன்று வேண்டாத கதவு நாளை இன்னொரு வண்டிக்கு வேண்டியதாகும். செய்த மாற்றங்களையும் அதற்குரிய சான்றுகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வண்டியோடு வைத்துவிடுங்கள். பிற்காலத்தில் ஒருவர் எடுத்துப் பார்க்கும்போது, எது கிட்டில் வந்தது, எது நீங்கள் செய்தது, எதற்காகச் செய்தீர்கள் என்பது அவருக்கு விளங்க வேண்டும்.

பிறந்த ஊரை விட்டு வெகு தொலைவில் வாழும் நாம், பழையதைப் போற்றுகிறோம் என்று அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். போற்றுவதற்கு முன் அதைச் சரியாக அறிந்திருக்க வேண்டும். எந்த வழக்கம் பாட்டி காலத்தது, எது நாம் இங்கு வந்தபின் சேர்ந்தது என்று பிரித்தறியும் பொறுமை நமக்கு வேண்டும். அந்தப் பொறுமையைப் பழக இச்சிறு வண்டி ஒரு கருவியாக உதவும் என்பதே என் அனுபவம்.

விழா முடிந்தபின் குழந்தைகள் மேசையருகே வந்து வண்டியைக் கண்ணால் மட்டுமின்றிக் கையாலும் பார்க்கலாம். மாமியார் இருக்கையை மட்டும் அழுத்த வேண்டாம். ஒட்டிய பசை இன்னும் முழுதும் காயவில்லை.